ஸ்டிக்கரில் ஒரு ‘ஹெச்’: பழைய மைக்ரோவேவ் கருவியில் எதை எடுப்பது, எதை விடுவது

இரண்டு ஹெச்பி 8340பி சிக்னல் ஜெனரேட்டர்கள் (வேண்டிய அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் சிக்னலை உண்டாக்கித் தரும் கருவிகள்) விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்றுக்கு முழு விலை, ஸ்டிக்கரில் எந்த ஆப்ஷனும் (தொழிற்சாலையிலேயே செய்த மாற்றத்தின் குறி) இல்லை. மற்றது கிட்டத்தட்டப் பாதி விலைதான். அதன் பின்பக்க ஸ்டிக்கரில் ‘ஹெச்’ என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கின்றன. கையேட்டின் ஆப்ஷன் பட்டியலில் அந்தக் குறி இல்லை, வேறெங்கு தேடினாலும் அகப்படவில்லை. எதை எடுக்கலாம்?

போன மாதம் மட்டும் இதே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஒருவருக்கு நெட்வொர்க் அனலைசர், ஒருவருக்கு இந்த 8340பி.

என் பதிலைச் சுருக்கமாக முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குறி நல்லதா கெட்டதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தொழிற்சாலையில் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கனெக்டர், அட்டெனுவேட்டர் (சிக்னலை அளந்து குறைக்கும் பாகம்), பின்பக்கத்தில் கூடுதலாக ஒரு வாய் (கேபிள் மாட்டும் இடம்) என்று விளிம்பில் கை வைத்திருந்தால் விலையைப் பேசலாம். ஃபர்ம்வேர் (கருவிக்குள் எழுதிய மென்பொருள்), ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பகுதி, வெளியீட்டின் அளவைச் சமன் செய்யும் சுற்று என்று நடுவில் கை வைத்திருந்தால், எவ்வளவு மலிவாக வந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

## இந்தக் குறிகள் எப்படி வந்தன

ஹெச்பி கருவிகளில் பட்டியலில் உள்ள ஆப்ஷன்கள் பெரும்பாலும் மூன்று இலக்கமாக இருக்கும். ஒரே எண் எல்லாக் கருவியிலும் ஒரே பொருள் தரும் என்று நினைத்தால் அங்கேயே சறுக்கல். 8340பி-யில் 001 என்றால் அட்டெனுவேட்டர் இல்லை. அடுத்த தலைமுறை 83620ஏ-வில் அதே 001 என்றால் அட்டெனுவேட்டர் உண்டு. 8591இ ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 001 என்பது 75 ஓம் உள்ளீடு. 8563இ-யில் 001 என்பது பின்பக்கத்தில் 310.7 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் வெளியீடு. ஆகவே மாடல் எண்ணைச் சொல்லாமல் ஆப்ஷன் எண்ணை மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சில குறிகளுக்கும் மின்னணுவுக்கும் சம்பந்தமே கிடையாது. 907 முன்பக்கக் கைப்பிடி, 908 ரேக்கில் மாட்டும் காது, 909 இரண்டும் சேர்ந்தது, 910 கூடுதலாக ஒரு கையேடு. யுகே6 என்பது அளவுத்திருத்தச் சான்றிதழோடு அளவீட்டுத் தாளும் தந்தார்கள் என்பதற்கு, டபிள்யூ30 நீட்டித்த உத்தரவாதத்துக்கு. ‘டபிள்யூ30 தெரியாத ஆப்ஷன், அதனால் வேண்டாம்’ என்று ஒருவர் நல்ல கருவி ஒன்றை விட்டுவிட்டு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஹெச், கே என்று தொடங்கும் குறிகள் வேறு இனம். ஒரு ராணுவ ஒப்பந்ததாரரோ செயற்கைக்கோள் நிறுவனமோ உற்பத்திக்கூடமோ தன் ரேக்குக்கு ஏற்ற மாதிரி கேட்டு வாங்கிய மாற்றங்கள் இவை. அவற்றுக்கும் அந்நாளில் ஆவணம் இருந்தது. கையேட்டின் பின்னிணைப்பாகச் சில தாள்கள் பெட்டியோடே போயின. இருபது வருஷம் கழித்துக் கருவி ஏலத்துக்கு வரும்போது தாள்கள் குப்பைக்குப் போயிருக்கும், ஸ்டிக்கர் மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கேயும் எண் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரு கருவியின் ஹெச்12 இன்னொன்றின் ஹெச்12-க்கு அண்ணனுமில்லை தம்பியுமில்லை. வில்ட்ரான், அன்ரிட்சு கருவிகளில் இதே வேலையை ‘எஸ்எம்’ என்று தொடங்கும் எண் செய்யும். டெக்ட்ரானிக்ஸில் ‘மாட்’ என்று போட்டிருப்பார்கள்.

சிறப்புக் குறி என்றாலே மட்டம் என்றும் ஆகாது. 346சி என்ற இரைச்சல் மூலம் (நாய்ஸ் சோர்ஸ்) சாதாரணமாக 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 26.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதன் கே01 வடிவம் 1-லிருந்து 50 ஜிகாஹெர்ட்ஸ் வரை. 478ஏ தெர்மிஸ்டர் மவுண்டில் (மைக்ரோவேவ் பவரை அளக்கும் உணரி) ஹெச்75, ஹெச்76 என்று இருந்தால் அது பவர் மீட்டரின் 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் ரெஃபரன்ஸ் வாயைச் சரிபார்க்கப் பயன்படும் வகை, விவரம் தெரிந்தவர்கள் தேடி வாங்குவார்கள். இ8362பி நெட்வொர்க் அனலைசரின் ஹெச்08, ஹெச்11 இரண்டும் துடிப்பு (பல்ஸ்) அளவீட்டுக்காக, ஹெச்பி-யின் கருவிப் பிரிவிலிருந்து பிறந்த அஜிலன்ட் வெளிப்படையாகவே விற்றவை. விற்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். வெளியீடு எந்தப் பக்கம், எந்தக் கனெக்டரில் வருகிறது? திரை சொல்வதும் வாயில் வருவதும் ஒன்றா? மின்சாரமும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸும் சரியா? நினைவகத்தில் இருந்த அளவுத்திருத்த எண்கள் பிழைத்திருக்கின்றனவா? நாளைக்குப் பழுதானால் கையேட்டின் சுற்றுப்படம் இந்தக் கருவிக்குப் பொருந்துமா?

இவற்றில் இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. என்னைக் கவிழ்த்த கதையைச் சொன்னால் புரியும்.

கலிஃபோர்னியாவில் குப்பர்ட்டினோ டி அன்சா கல்லூரியின் வண்டி நிறுத்தத்தில் மாதம் ஒருமுறை எலெக்ட்ரானிக்ஸ் சந்தை நடந்துகொண்டிருந்த காலம். விடிவதற்கு முன்பே டார்ச் விளக்கோடு போய்விடுவோம். ஒரு வேன் பின்னால் 8341பி ஒன்று கிடந்தது. 10 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 ஜிகாஹெர்ட்ஸ் வரை போவது, 8340பி-யின் தம்பி. ஸ்டிக்கரில் ஹெச், அடுத்து ஓர் இலக்கம், அதற்கடுத்த இலக்கத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். முன்பக்கத்தில் கனெக்டர் இருந்தது. மின்சாரம் கொடுத்தால் எழுந்தது, எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் 10,368 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பேண்டுக்கு ஒரு முன்பெருக்கி செய்துகொண்டிருந்தேன். ஜெனரேட்டரை மைனஸ் 70 டிபிஎம்-இல் (0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு) வைத்து ஊட்டினேன். பெருக்கம் வரவே இல்லை, வெளியீடு ஓர் அளவுக்கு மேல் நகர மறுத்தது. டிரான்சிஸ்டர் செத்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுபடி அதே கதை, மறுபடி மாற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் பவர் மீட்டரை நேரே ஜெனரேட்டர் வாயில் மாட்டினால் 0 டிபிஎம் காட்டுகிறது. மைனஸ் 70 கேட்ட இடத்தில் ஒரு கோடி மடங்கு.

மூடியைக் கழற்றியபோது விஷயம் தெரிந்தது. அட்டெனுவேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக வளைத்த ஒரு செமிரிஜிட் கேபிள் (வளைத்தால் அப்படியே நிற்கும் உலோக உறைக் கேபிள்). சுத்தமான தொழிற்சாலை வேலை. பட்டியலில் உள்ள 001 ஆப்ஷனாக இருந்திருந்தால் அட்டெனுவேட்டர் இல்லை என்று கருவிக்கே தெரிந்திருக்கும், மைனஸ் 20-க்குக் கீழே போக மறுத்திருக்கும். இதில் பாகத்தை எடுத்தவர்கள் மென்பொருளுக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் ரேக்கில் அட்டெனுவேட்டர் வெளியே இருந்திருக்க வேண்டும், அவர்களுக்கு இது பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

இதில் ஒரு வெட்கக்கேடு உண்டு. அந்தத் தலைமுறைக் கருவியில் 10 டிபி குறைக்கும்போதெல்லாம் உள்ளே அட்டெனுவேட்டர் ‘டக்’ என்று தட்டும், பக்கத்தில் நின்றாலே கேட்கும். என் கருவி அந்த இரண்டு வாரமும் தட்டவே இல்லை. நான்தான் கவனிக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆவணமுள்ள கருவி | சிறப்புக் குறி, அப்படியே வைப்பது | சிறப்புக் குறி, வாங்கி மாற்றுவது |
|---|---|---|---|
| வாங்கும் விலை | அதிகம் | குறைவு, சில குறிகளுக்கு மட்டும் மிக அதிகம் | குறைவு |
| பிறகு ஆகும் செலவு | கணிக்கலாம் | வெளி அட்டெனுவேட்டர், அடாப்டர், கேபிள் | பாகம், கருவிகள், பல வாரம் |
| திரையை நம்பலாமா | பொதுவாக ஆம் | அளந்து பார்த்த பிறகே | மறுபடி திருத்திய பிறகே |
| ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் | எளிது | தயங்குவார்கள், வரம்புக்கு உட்பட்டுச் செய்யலாம் | உள்ளே பார்த்தால் கேள்வி கேட்பார்கள் |
| மறுவிற்பனை | சுலபம் | உங்களைப் போல் ஒருவர் வர வேண்டும் | நடுத்தரம் |
| யாருக்கு | ஒரே கருவி வைத்திருப்பவருக்கு | ஒரே வேலைக்குக் கருவி தேடுபவருக்கு | பழுது பார்ப்பதையே பொழுதாகக் கொண்டவருக்கு |

## முதல் வழி: ஆவணமுள்ள கருவிக்கே முழு விலை கொடுப்பது

வீட்டில் வேறு மைக்ரோவேவ் கருவி இல்லையென்றால் இதுதான். தெரியாத ஆப்ஷனைக் கண்டுபிடிக்க, நம்பத்தக்க இன்னொரு கருவி வேண்டும். பவர் மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் டிரான்சிஸ்டர்தான் மாற்றிக்கொண்டிருப்பேன். சான்றிதழ் தேவைப்படும் வேலைக்கும் இதையே எடுங்கள்.

மறைந்த செலவு இதிலும் உண்டு. ‘ஆப்ஷன் எதுவும் இல்லை’ என்று விற்பவர் எழுதுவதற்கு, பல நேரம் அவர் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஸ்டிக்கரே சாட்சி ஆகாது, பின்பலகையை வேறு கருவியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். பட்டியலில் இருக்கிற ஆப்ஷனும் உங்களுக்கு ஒத்து வராமல் போகலாம். 8340பி-யின் 004-இல் ஆர்எஃப் வெளியீடு பின்பக்கம், 005-இல் பின்பக்கம் வருவதோடு அட்டெனுவேட்டரும் கிடையாது. 8566பி ஸ்பெக்ட்ரம் அனலைசரின் 400 என்ற ஆப்ஷன் விமானம், கப்பல் போன்ற இடங்களில் உள்ள 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. 83620ஏ சேர்ந்த 8360 வரிசையில் 700 என்றால் அமெரிக்க விமானப்படையின் மேட் (தானியங்கிச் சோதனை) திட்டத்துக்கான நிரல்மொழி. வீட்டு மேசைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சீரியல் எண்ணை ஒரு முறை படித்துப் பாருங்கள். பழைய ஹெச்பி எண்கள் நான்கு இலக்கம், ஓர் எழுத்து, ஐந்து இலக்கம் என்று வரும். முதல் இரண்டோடு 1960-ஐக் கூட்டினால் வருஷம், அடுத்த இரண்டு வாரம். 2937ஏ என்றால் 1989, 37-வது வாரம், அமெரிக்கா. அது கருவி பிறந்த நாள் அல்ல, வடிவமைப்பு கடைசியாக மாறிய நாள். கையேடு எந்த முன்னெண்ணுக்கு உரியது என்று அதன் முதல் பக்கங்களில் போட்டிருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் சுற்றுப்படத்தை நம்பலாம்.

## இரண்டாவது வழி: வாங்கி அப்படியே வைத்துக்கொள்வது

என் 8341பி கடைசியில் இப்படித்தான் நிலைத்தது. வாயில் நிரந்தரமாக ஒரு 20 டிபி அட்டெனுவேட்டர், முன்பலகையில் ‘திரையை நம்பாதே’ என்று ஒரு துண்டுச்சீட்டு. லோக்கல் ஆசிலேட்டர் வேலைக்கும், மிக்சருக்கு (அதிர்வெண்ணை மாற்றும் பாகம்) ஊட்டுவதற்கும் அது தாராளம். மெல்லிய சிக்னல் சோதனைக்கு மட்டும் ஆகாது. வேலை ஒன்றே ஒன்று என்று தெரிந்தால் விளிம்பு மாற்றம் உங்களை உறுத்தவே உறுத்தாது. ரேக்கில் நிரந்தரமாக இருக்கப்போகும் கருவிக்குப் பின்பக்க வெளியீடு வசதியும்கூட. ஸ்பெக்ட்ரம் அனலைசரின் பின்பக்கத்தில் யாரோ கேட்டு வாங்கிய ஒரு ஐஎஃப் வாய் இருந்தால், அதில் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும்) ரிசீவரை மாட்டுகிறவருக்கு அது லாபம்.

75 ஓம் விஷயத்தில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள். 75 ஓம் என் வகை கனெக்டரும் 50 ஓம் என் வகையும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், மரையும் ஒன்றேதான். ஆனால் 75 ஓமின் நடு ஊசி மெல்லியது. 50 ஓம் கேபிளின் தடித்த ஊசியை 75 ஓம் வாயில் திருகினால் உள்ளே இருக்கும் விரல்கள் விரிந்துவிடும், பிறகு எதை மாட்டினாலும் தொடர்பு சரியாகக் கிடைக்காது. 8753 நெட்வொர்க் அனலைசரில் 075 என்ற ஆப்ஷன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே திருகிப் பார்த்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

நடுவில் கை வைத்த கருவியை இந்த வழியில் வைத்துக்கொள்ள முடியாது. ராணுவ இடங்களிலிருந்து வருபவற்றில் நினைவகப் பலகையையோ வட்டையோ உருவி எடுத்துவிட்டு விற்பார்கள். பல பழைய கருவிகளில் அளவுத்திருத்த எண்கள் லித்தியம் பேட்டரி தாங்கிய நினைவகத்தில் இருக்கும். பலகை போனால் எண்களும் போயின. அந்தச் சிறப்புக் கருவிக்கென்றே எழுதிய எண்கள் வேறெந்தக் கருவியிலும் கிடைக்கா.

## மூன்றாவது வழி: வாங்கி, சாதாரணக் கருவியாக மாற்றுவது

கேட்கவே ஆசையாக இருக்கும். பாதி விலைக்கு வாங்கி ஒரு அட்டெனுவேட்டரைப் போட்டால் முழுக் கருவி! கணக்கு அங்கே முடிவதில்லை.

அட்டெனுவேட்டர் உதிரியாகக் கிடைக்கும், பெரும்பாலும் செத்த கருவியின் வயிற்றிலிருந்து. 26.5 ஜிகாஹெர்ட்ஸுக்கு உரியதா, கட்டுப்பாட்டுக் கம்பிகளின் வரிசை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். செமிரிஜிட் கேபிளை அதே வடிவில் வளைக்க வேண்டும். 20 ஜிகாஹெர்ட்ஸில் சாதாரண 0.141 அங்குலச் செமிரிஜிட் அரை மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபி தின்றுவிடும். ஆகவே பின்பக்க வெளியீட்டை முன்பக்கம் கொண்டுவந்தால் பழைய சமன் எண்கள் செல்லாது, எல்லா பேண்டிலும் மறுபடி அளந்து எழுத வேண்டும். அதற்கு 26.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் 8485ஏ போன்ற ஒரு பவர் சென்சர் வேண்டும். 3.5 மில்லிமீட்டர் கனெக்டர்களை இறுக்க 0.9 நியூட்டன் மீட்டருக்கு வைத்த டார்க் ஸ்பேனர் வேண்டும். கை அளவில் இறுக்குகிறேன் என்பவர்கள் உடைத்த கனெக்டர்களின் விலையைக் கூட்டினால் நான்கு ஸ்பேனர் வாங்கியிருக்கலாம்.

மென்பொருள் வேறு இருக்கிறது. 8753டி போன்றவற்றில் நேர ஆய்வு (டைம் டொமைன்) போன்ற சில ஆப்ஷன்கள் சீரியல் எண்ணோடு பிணைத்த ஒரு சாவிச்சொல்லால் திறப்பவை. மையப் பலகையை இன்னொரு கருவியிலிருந்து எடுத்து மாட்டினால் அந்த எண்ணும் ஆப்ஷன்களும் சேர்ந்தே இடம் மாறும்.

உள்ளே எது சாதாரணம், எது சிறப்பு என்று கண்டுபிடிக்க நல்ல வழி பாக எண்கள். ஒரு மாடலுக்கென்றே செய்த பாகத்தின் ஹெச்பி எண் ஐந்து இலக்கம், கோடு, ஐந்து இலக்கம் என்று போகும். முதல் ஐந்து அந்தப் பாகம் எந்த மாடலுக்காகப் பிறந்தது என்று சொல்லும், 08340 என்று தொடங்கினால் 8340-க்காகச் செய்தது. 5086 என்று தொடங்கும் நான்கு இலக்கம், கோடு, நான்கு இலக்க எண்கள் மைக்ரோவேவ் உறுப்புகள். ஒவ்வொரு பலகையையும் கையேட்டின் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே போனால், பொருந்தாத ஒன்றோ இரண்டோ பல்லிளிக்கும். சிறப்பு மாற்றம் அதுதான். தாள் தொலைந்துபோன ஆப்ஷனை இப்படி ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும், அதனால் மூன்றாவது வழியை நான் வெறுப்பதில்லை. பணம் மிச்சமாகும் என்று நினைத்து மட்டும் இறங்காதீர்கள்.

பாகங்களுக்காகவே வாங்குவது நான்காவது வழி. ஏற்கெனவே அதே மாடல் ஒன்று உங்களிடம் இருந்தால், நடுவில் கை வைத்த கருவியும் நல்ல கொள்முதல்தான். யிக் ஆசிலேட்டர் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகம்), மின்வழங்கி, திரை எல்லாம் பொதுவானவை. வேறு காரணத்துக்காக வாங்காதீர்கள்.

எந்த வழியானாலும் எடையைக் கணக்கில் சேருங்கள். 8340பி முப்பது கிலோவுக்கு மேல். அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வர வேண்டுமென்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுங்கத் தீர்வை தனி. திருப்பி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

## வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பின்பக்க ஸ்டிக்கர், முன்பக்கக் கனெக்டரின் நடு ஊசி, பின்பக்கத்தில் கையால் எழுதிய அல்லது தனியாகத் துளைத்த வாய்கள், மூடியைத் திறந்து மேலிருந்து ஒரு படம். புதிய கருவியானால் ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் கேபிள்) வழியாக *ஓபிடி? என்ற கட்டளையைக் கொடுத்து வரும் பதிலைக் கேளுங்கள். கருவி தன்னைப் பற்றிச் சொல்வதும் ஸ்டிக்கர் சொல்வதும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டிலேயே பதில் இருக்கும். கடைசியாக ஒரு வீடியோ, ஒலியோடு: 0 டிபிஎம்-இல் தொடங்கி 10, 10 ஆக மைனஸ் 90 வரை இறக்க வேண்டும்.

8340பி கேட்டவர் விற்பவரிடம் இதையெல்லாம் கேட்டார். படங்கள் அன்றைக்கே வந்தன. முன்பக்கக் கனெக்டர் நன்றாக இருக்கிறது. பின்பக்கத்தில் மட்டும் பட்டியலில் இல்லாத ஒரு பிஎன்சி வாய், பக்கத்தில் தொழிற்சாலை எழுத்தில் ஒரு ட்ரிகர் சிக்னலின் பெயர். மேலிருந்து எடுத்த படத்தில் அந்த வாயிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஒரே ஒரு பலகைக்குப் போகிறது, ஆர்எஃப் பாதையில் யாரும் தொடவில்லை. வீடியோ நேற்று ராத்திரி வந்தது. ஒவ்வொரு படியிலும் டக், டக் என்று கேட்டது.

இன்று காலை பணம் அனுப்பிவிட்டார். பின்பக்க ஃபியூஸுக்குப் பக்கத்தில் உள்ள வோல்ட் தேர்வு 120-இல் இருக்கிறதா 240-இல் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டாராம். பெட்டி வந்ததும் பிளக்கைச் சொருகுவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.